மரமேறும் கயிறும் மரப்பட்டையும்: உராய்வுக் காப்பு

கயிற்றின் துணையோடு மரமேறும்போது கயிறு கிளையின்மேல் உரசுகிறது. இந்த உரசலால் கயிறு தேய்கிறது, மரத்தின் பட்டை அறுபடுகிறது. இரண்டையும் தடுப்பதற்குக் கயிற்றுக்கும் கிளைக்கும் இடையே உறை, பட்டை, வளையம் போன்ற ஒன்றை வைப்பதே உராய்வுக் காப்பு. தேனெடுப்போர், புளி உலுக்குவோர், கிளை கழிப்போர், மரங்களின் உச்சியில் ஆய்வு செய்வோர் என்று பலருக்கும் இது தேவைப்படுகிறது. தமிழ்நாட்டில் மரமேறும் தொழில் இன்றும் உயிரோடு இருக்கும் இடங்களுள் ஒன்றான ஜவ்வாது மலையை முன்வைத்து இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

ஜவ்வாது மலையும் மரமேறுதலும்

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் இது பரவியுள்ளது. மலைமேல் உள்ள முக்கிய ஊர் ஜமுனாமரத்தூர். காவலூரில் உள்ள வைணு பாப்பு வானாய்வகத்தால் வெளியூர் மாணவர்கள் பலர் இம்மலையின் பெயரை அறிந்திருப்பர். இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளி என்று அழைக்கப்படுகின்றனர். கேரளத்தோடு இப்பெயருக்குத் தொடர்பில்லை; இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள். சாமை விளைவிப்பதோடு தேன், புளி, கடுக்காய், நெல்லி, பலா ஆகியவற்றைச் சேகரித்து விற்பதும் இவர்களது வாழ்வாதாரம்.

இந்த வட்டாரத்தில் தேனெடுக்க ஏறும் வழக்கம் மிகப் பழமையானது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் பாடும் நன்னன் செங்கண்மாவை ஆண்டவன். செங்கண்மா என்பது ஜவ்வாது மலையடிவாரத்திலுள்ள இன்றைய செங்கம். உயர்ந்த மலைச்சரிவில் மால்பு என்னும் ஏணியை வழியாகக் கொண்டு தேன் எடுத்ததை அந்நூல் குறிப்பிடுகிறது. கணுக்களில் கிளைகளைச் சிறிது விட்டு வெட்டிய மூங்கிலே மால்பு. கண்ணேணி என்றும் இதைச் சொல்வர். கணு ஒவ்வொன்றும் ஒரு படியாகும்.

மூங்கிலைச் சாத்த முடியாத உயரத்துக்கு வேறு வழிகள் இருந்தன. ஆனைமலையின் காடர்கள் மூங்கில் முளைகளை மரத்தில் அடித்து, அவற்றைப் படியாகக் கொண்டு ஏறியதை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். போர்னியோவின் தயாக்கர்களும் இதே முறையில் தேன்மெழுகு எடுக்க ஏறியதை ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் அதற்கு 40 ஆண்டுகள் முன்பே எழுதியிருந்தார். கடல் கடந்த இரு மக்கள் ஒரே உத்தியைக் கண்டடைந்திருப்பது வியப்பானது. ஆனால் முளை அடித்த ஒவ்வோர் இடமும் மரத்தில் ஓர் ஓட்டை. கயிறு அந்த ஓட்டையைத் தவிர்க்கிறது; உரசல் என்னும் வேறொரு சிக்கலைக் கொண்டுவருகிறது.

கீழே விழுவதன் விளைவு சிறியதன்று. தென்னிந்தியாவில் தண்டுவடக் காயத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று மரத்திலிருந்து விழுதல். முதுகெலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கினால் கால்கள் செயலிழக்கும். சிறுநீர், மலம் கழிக்கும் கட்டுப்பாடும் போய்விடும். பெரும்பாலும் குடும்பத்தின் சம்பாத்தியமே அந்த ஒருவரை நம்பி இருக்கும். ஜவ்வாது மலைக்கு அருகிலுள்ள வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு மையம் 1966-இல் பாகாயத்தில் தொடங்கப்பட்டது. அதை உருவாக்கிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் நடந்த சாலை விபத்தில் கால்களின் செயலை இழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அறுவை சிகிச்சை செய்தவர். மரமேறிகளைப் பற்றிப் பேசும்போது இந்த மருத்துவமனையையும் நினைக்க வேண்டியிருக்கிறது.

உராய்வு எவ்வளவு?

ஒரு கயிற்றைத் தூணில் சுற்றிப் பிடித்தால் மறுமுனையில் உள்ள பெரிய பாரத்தைச் சிறு விசையால் நிறுத்தலாம். கிணற்றடியிலும் படகுத்துறையிலும் இதைப் பார்க்கலாம். கயிறு எத்தனை முறை சுற்றியுள்ளது, பரப்பு எவ்வளவு சொரசொரப்பானது என்ற இரண்டையும் பொறுத்து இந்த விசை மாறும். கிளையின் பருமன் இதில் கணக்கில் வராது. மாணவர்களுக்கு இது நம்ப முடியாததாகத் தோன்றும். ஒரு வாளித் தண்ணீரைக் கயிற்றில் கட்டி, மெல்லிய குழாயின்மேல் ஒரு முறையும் பருத்த குழாயின்மேல் ஒரு முறையும் போட்டுப் பிடித்துப் பார்த்தால் விளங்கும். இரண்டு குழாய்களும் ஒரே பொருளால் ஆனவையாக இருக்க வேண்டும்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் கயிற்றில் தொங்குகிறார் என்று கொள்வோம். கயிறு கிளையின்மேல் அரைச் சுற்றுப் போய், மறுமுனை தரையில் நிற்பவர் கையில் இருக்கிறது. உராய்வுக் கெழு 0.3 என்றால், தரையில் இருப்பவர் ஏறத்தாழ 23 கிலோ விசை கொடுத்தால் போதும். தொங்குபவர் அப்படியே நிற்பார். ஆனால் அவரை மேலே இழுக்க வேண்டுமானால் ஏறத்தாழ 154 கிலோ விசை தேவை. அப்போது கிளை தாங்கும் பாரம் இரண்டும் சேர்ந்து 214 கிலோ. நான்கு பேர் சேர்ந்து ஒருவரைக் கயிற்றில் மேலே இழுக்கும்போது கிளை முறிவது ஏன் என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. மேலே போகிறவரின் எடையை மட்டும் பார்த்துக் கிளையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

ஏறுபவரே கயிற்றின் இரு பக்கங்களையும் தம்மோடு பிணைத்துக்கொண்டு, ஒரு பக்கத்தை இழுத்து ஏறுவதும் உண்டு. இதை ஓடுகயிற்று முறை எனலாம். உராய்வே இல்லையென்றால் அவர் 30 கிலோ விசையில் இழுத்தால் போதும். மேற்சொன்ன உராய்வு இருந்தால் 43 கிலோ விசை வேண்டும். புளியமரம் போல வெடிப்புகளும் சொரசொரப்பும் உள்ள பட்டையில் இன்னும் கூடும். கை சோர்ந்துபோவது ஒரு பக்கம். ஒவ்வோர் இழுப்பிலும் கயிறு அதே இடத்தில் ரம்பம்போல் பட்டையை அறுப்பது மறுபக்கம்.

உராய்வில் தோன்றும் வெப்பத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 60 கிலோ எடையுள்ளவர் 15 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 8,800 ஜூல். 30 மில்லிலிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுசெல்ல இது போதும். தண்ணீரில் பரவினால் இது சிறியது. கயிறு தொடும் விரல்நீளப் பரப்பில் சில நொடிகளில் குவிந்தால் சிறியதன்று. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பிளாஸ்டிக் கயிறுகள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீனால் ஆனவை. முதலாவது சுமார் 130 டிகிரி செல்சியசிலும், இரண்டாவது சுமார் 165 டிகிரியிலும் உருகும். நைலான் அதன் வகைக்கேற்ப 220 முதல் 260 டிகிரி வரை தாங்கும். பாலியெஸ்டரும் 260 டிகிரியை ஒட்டியே உருகும். உருகுவதற்கு வெகு முன்பே இவை எல்லாம் இளகி வலுவிழக்கும். தென்னை நாரும் கற்றாழை நாரும் உருகாது, கருகும். ஆனால் அவற்றின் இழுவலிமை குறைவு, மக்கும் தன்மையும் உண்டு. மனிதர் தொங்கும் வேலைக்கு நார்க்கயிற்றை நம்பக் கூடாது.

இதில் மிக ஆபத்தானது கயிற்றின்மேல் கயிறு ஓடுவது. ஓடும் கயிற்றில் தேய்மானம் அதன் நீளம் முழுவதும் பரவிவிடும். அசையாமல் கட்டப்பட்டிருக்கும் கயிறோ ஒரே புள்ளியில் சூடேறும். நைலான் வளையத்தில் நைலான் கயிற்றைக் கோத்து வேகமாக இறக்கினால், வளையம் கத்தியால் வெட்டியதுபோல் அறுந்துவிடும். இடையில் உலோக வளையம் ஒன்று இருந்தால் இது நேராது.

பட்டைக்குள் இருப்பது

கயிறு தேய்ந்தால் புதிது வாங்கலாம். மரத்தின் நிலை வேறு. பட்டையின் உட்புறத்தில் ஃபுளோயம் என்னும் திசு இருக்கிறது. இலைகளில் உருவான சர்க்கரை இதன் வழியாகத்தான் வேருக்கு வருகிறது. அதற்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்னும் வளர்திசு மிக மெல்லிய படலமாக இருக்கிறது. புதிய கட்டையும் புதிய பட்டையும் இப்படலத்திலிருந்தே உருவாகின்றன. பதியம் போடுகிறவர்கள் கிளையைச் சுற்றிப் பட்டையை வளையமாக உரிப்பதைப் பலரும் பார்த்திருப்பர். உரித்த இடத்துக்குக் கீழே சர்க்கரை இறங்க முடியாததால் மேலே வேர் விடுகிறது. வேர் விட மண் இல்லாத உயரத்தில், கயிறு அதே வேலையைச் செய்தால் அந்தக் கிளை மெல்லச் சாகும். அரைச் சுற்று அறுபட்டால் உடனே சாகாது, ஆனால் காய்ப்பு குறையும், பூச்சியும் பூஞ்சையும் நுழைய வாசல் திறக்கும்.

மரத்தின் காயம் மனிதத் தோலின் காயம்போல் ஆறுவதில்லை. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்து இதை நிறுவினார். அடிபட்ட திசுவை மரம் புதுப்பிப்பதில்லை. அதைச் சுற்றி ஒரு தடுப்பை எழுப்பி ஒதுக்கிவிட்டு, வெளியே புதிதாக வளர்கிறது. பழைய காயம் உள்ளே அப்படியே இருக்கும். ஆண்டுதோறும் அதே கவட்டையில் கயிறு போட்டால் உள்ளே அடுக்கடுக்காகச் சேரும் காயங்கள் வெளியே தெரிவதில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒருநாள் கிளை முறியும். அதில் யாராவது தொங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

பனையேறும் அனுபவத்தை வைத்துப் புளியமரத்தை மதிப்பிடுவது தவறு. பனையும் தென்னையும் ஒருவித்திலைத் தாவரங்கள். அவற்றுக்குக் கேம்பியம் கிடையாது. கடத்துதிசுக்கள் தண்டு முழுவதும் சிதறிக் கிடப்பதால் மேற்பரப்பு தேய்ந்தாலும் மரம் பிழைத்துக்கொள்ளும், தழும்பு மட்டும் என்றென்றும் மாறாது. பனையேறிகள் காலில் மாட்டும் தளைநாரும் நெஞ்சில் கட்டும் தோலும் மனித உடலை உரசலிலிருந்து காக்க உருவானவை. பனைக்குத் தனிக் காப்பு தேவைப்படவில்லை. புளி, மா, பலா, நாவல், இலவம் எல்லாம் இருவித்திலைத் தாவரங்கள். இவற்றில் உயிர்ப்பாதை பட்டைக்கு அடியிலேயே இருக்கிறது. அதிலும் புதுத்தளிர் விடும் பருவத்தில் பட்டை கட்டையோடு இறுகிப் பிடித்திருக்காது. இலேசான இழுப்பிலேயே உரிந்துவரும்.

புளியமரம் ஏலம் விடப்படும் வழக்கத்தையும் இங்கே சொல்ல வேண்டும். சாலையோரப் புளியமரங்களின் மகசூல் தமிழ்நாட்டில் ஏலம் விடப்படுகிறது. ஓர் ஆண்டுக்கு மட்டும் எடுத்தவருக்கு அந்த ஆண்டின் காய்தான் கணக்கு. கிளை அடுத்த பத்தாண்டு காய்க்குமா என்பது அவருக்குக் கவலையில்லை. மலையில் தலைமுறையாக ஒரே மரத்தில் ஏறுகிறவருக்கு அது கவலை. உராய்வுக் காப்புக்குச் செலவிட யார் முன்வருவர் என்பது பெரிதும் இதைப் பொறுத்ததே.

காக்கும் வழிகள்

எளிமையானது உறை. கனத்த தோலையோ தீயணைப்புக் குழாயின் பழைய துண்டையோ சுமார் இரண்டு முழ நீளத்துக்கு வெட்டி, அதற்குள் கயிற்றை நுழைத்துக் கிளையின்மேல் அமரவைப்பர். கயிறு உறைக்குள் ஓடும். உறை கிளைமேல் அசையாமல் இருக்கும். உறை நழுவாமல் இருக்கவும் வேலை முடிந்ததும் தரையிலிருந்தே இழுத்து எடுக்கவும் அதன் ஒரு நுனியில் மெல்லிய சரடு ஒன்றைக் கட்டிவைப்பது நல்லது. இது பட்டையைக் காக்கும். உராய்வைக் குறைப்பது ஓரளவுதான்.

கையில் கிடைப்பதெல்லாம் உறையாகாது. சைக்கிள் டியூப் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும், சூட்டில் பிசுபிசுக்கும். கயிறு ஓடாமல் நிற்கும் இடத்தில் மட்டும் மெத்தையாக வைக்கலாம். பிவிசி குழாய் சுமார் 80 டிகிரியிலேயே இளகும்; ஓடும் கயிறு அதில் பள்ளம் பறித்துவிடும். சணல் சாக்கை நான்காக மடித்துக் கிளையில் கட்டினால் பட்டைக்குப் பாதுகாப்பு உண்டு, ஆனால் சில நாள் வேலையில் நைந்துபோகும். மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதைவிடச் சிறந்தது இரட்டை வளையப் பட்டை. வலுவான நாடாப் பட்டை ஒன்றின் இரு முனைகளிலும் உலோக வளையம் தைக்கப்பட்டிருக்கும்; ஒன்று பெரியது, மற்றது சிறியது. பட்டையைக் கிளைமேல் போட்டால் வளையங்கள் இரு பக்கமும் தொங்கும். கயிறு இரண்டு வளையங்களின் வழியாக ஓடும், மரத்தைத் தொடவே தொடாது. பட்டையோ நகராது. இறங்கியபின் கயிற்றின் சரியான நுனியில் ஒரு முடிச்சையோ சிறு பந்தையோ போட்டு மறுபக்கம் இழுப்பர். அது பெரிய வளையத்தினுள் நுழைந்து சென்று சிறிய வளையத்தில் சிக்கும். முழுப் பட்டையும் கீழே வந்து விழும். தரையில் நின்றபடியே எடுத்துவிடலாம் என்பதுதான் இதன் அழகு. தாங்கும் பாரம் பொறிக்கப்பட்ட வளையங்களையே பயன்படுத்த வேண்டும். மாட்டுவண்டியில் கழன்ற இரும்பு வளையத்தின் பற்றவைத்த பிசிறு கயிற்றை அறுக்கும்.

வளையத்துக்குப் பதில் கப்பி வைத்தால் உராய்வு ஏறக்குறைய மறைந்துவிடும். ஆனால் அப்போது தரையில் பிடித்திருப்பவர் தொங்குபவரின் முழு எடைக்குச் சமமாகப் பிடித்தாக வேண்டும். கிளைமேல் பாரம் எப்போதும் இரு மடங்கு, அதாவது 120 கிலோ. கை தவறினால் தடுக்கவும் உராய்வு இருக்காது. ஆளை இறக்கும் வேலைக்குச் சிறிது உராய்வு நல்லது, அது மரப்பட்டையில் நிகழாமல் உலோகத்தில் நிகழ வேண்டும்.

கயிறே ஓடாத முறையும் உண்டு. கயிற்றை உச்சிக்கிளையில் சுருக்கிட்டு நிலையாகக் கட்டிவிட்டு, ஏறுபவர் கயிற்றைப் பற்றும் முடிச்சுகளின் உதவியால் அதன்மேல் நகர்வார். ஆஸ்திரிய மலையேறி கார்ல் புரூசிக் 1931-இல் பரப்பிய முடிச்சு இவ்வகையில் பெயர்பெற்றது. பாரம் விழும்போது இறுகும், விட்டால் தளரும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் காக்காச்சிக் காட்டில் சௌபத்ரா தேவி, தி. கணேஷ் ஆகிய ஆய்வாளர்கள் ஒற்றைக் கயிற்றில் ஏறித்தான் உச்சிப் பூக்களையும் அவற்றை நாடும் பூச்சிகளையும் ஆராய்ந்தனர். ஒரே மரத்தில் பல முறை ஏற வேண்டியவர்களுக்கு இம்முறை மரத்துக்கு மிகக் குறைந்த சேதம் விளைவிப்பது. சுருக்கு விழும் இடத்தில் மட்டும் ஒரு தோல் துண்டை வைத்தால் போதும். ஆனால் ஏறும்போது கயிறு மேலும் கீழும் இலேசாகத் துள்ளும். வழியில் உரசும் கிளைகளைப் பார்த்து விலக்க வேண்டும்.

இரும்பு முள் பொருத்திய காலணிகளை வெட்டப்போகும் மரத்துக்கு மட்டுமே பயன்படுத்துவது மரவளர்ப்புத் தொழிலில் பொதுவான நெறி. காய்க்கும் மரத்தில் ஒவ்வோர் அடியும் பட்டையில் ஒரு துளை.

தேனெடுப்போரின் தனிச் சிக்கல்

மலைத்தேனீ உயர்ந்த மரங்களிலும் பாறை முகப்புகளிலும் திறந்தவெளியில் பெரிய அடை கட்டும். புகையூட்டி, பெரும்பாலும் இருட்டியபின் எடுப்பர். இருட்டில் கயிறு எங்கே உரசுகிறது என்று தெரியாது. புகைப்பந்தத்தின் பொறி ஒன்று விழுந்தால் செயற்கை இழைக் கயிறு அந்த இடத்தில் உருகிச் சுருங்கும். தேன் கயிற்றில் வழிந்தால் மணலும் தூசியும் ஒட்டி, இழைகளுக்கிடையே புகுந்து உள்ளிருந்து அறுக்கும். பலாப் பாலுக்கும் இதே குணம். எனவே கயிற்றையும் உறையையும் பகல் வெளிச்சத்திலேயே மரத்தில் பொருத்திவிட வேண்டும். மறுநாள் கயிற்றை வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் கிடக்கும் பாலிபுரொப்பிலீன் கயிறு புற ஊதாக் கதிர்களால் நாளடைவில் நொறுங்கும். மாடு கட்டிய கயிற்றை மரமேற எடுப்பது இதனால்தான் தவறு.

நீலகிரியில் 1993-இல் தொடங்கப்பட்ட கீஸ்டோன் அறக்கட்டளை தேனெடுக்கும் பழங்குடியினரோடு நீண்டகாலம் பணியாற்றி வருகிறது. குறும்பர்கள் காட்டுக்கொடிகளால் ஏணி பின்னிப் பாறையில் இறங்குவதை அங்கே காணலாம். கொடி தேய்ந்தால் அடுத்த பருவத்துக்குப் புதிது. வாங்கிய கயிற்றை யாரும் அப்படி எறிவதில்லை, காசு கொடுத்த பொருளை அறும்வரை வைத்துக்கொள்ளவே தோன்றும்.

கயிற்றைச் சோதித்தல்

மலையேற்றக் கயிறுகளில் உள்ளிழையும் அதைச் சுற்றிய மேலுறையும் தனித்தனியானவை. இத்தகைய கயிற்றை ஜெர்மனியின் எடெல்ரிட் நிறுவனம் 1953-இல் அறிமுகப்படுத்தியது. பாரத்தின் பெரும்பகுதியை உள்ளிழையே தாங்குகிறது. மேலுறை நன்றாக இருந்து உள்ளிழை அறுந்திருக்கலாம், அதனால் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது. கயிற்றை முழம் முழமாக விரல்களுக்கிடையே உருவ வேண்டும். ஓரிடத்தில் மெலிந்தோ தடித்தோ இருந்தால், மடிக்கும்போது வளைவு விழாமல் கூராக மடங்கினால், கண்ணாடிபோல் பளபளப்பான கெட்டித் திட்டு தென்பட்டால், அந்தக் கயிறு ஆளைத் தாங்கும் வேலைக்கு ஆகாது. பளபளப்பு என்பது ஒருமுறை உருகி இறுகிய இடம். முடிச்சுப் போட்ட இடத்தில் கயிற்றின் வலிமை மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பேட்டரி அமிலம் பட்ட நைலானில் சேதம் வெளியே தெரியாமலும் இருக்கும்; கயிற்றை வண்டியின் பேட்டரி அருகே வைத்துக் கொண்டுசெல்லக் கூடாது.

கழித்த கயிற்றை அப்படியே மூலையில் போட்டுவைத்தால் அவசரத்துக்கு யாராவது எடுத்து ஏறிவிடுவர். ஒரு பாகம் நீளத் துண்டுகளாக வெட்டிவிட்டால் ஆடு கட்டவும் விறகுக் கட்டுக்கும் உதவும், மரமேற உதவாது.